கிட்டத்தட்ட என்பது போதாது

ரயில் மாதிரிகளைச் செய்கிறவர்களும் சேர்க்கிறவர்களும் கூடும் இடத்தில் புதிதாக ஓர் இந்திய எஞ்சினின் மாதிரி வந்து இறங்கினால் இரண்டு குரல்கள் எழும். ஒருவர் அளவுகோலை எடுத்து வைத்துக்கொண்டு, சக்கரங்களின் இடைவெளி தவறு, ஓட்டுநர் அறையின் சன்னல் உயரம் தவறு, எண்ணுக்கும் நிறத்துக்கும் பொருத்தமில்லை என்று வரிசையாகச் சொல்லுவார். மற்றவர்கள் அவரை அடக்குவார்கள். ரிவெட் ஆணிகளை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், நம் ஊர் எஞ்சின் ஒன்று கடைக்கு வந்ததே பெரிது, பார்த்தவுடன் அடையாளம் தெரிகிறதல்லவா, அது போதும் என்பார்கள். பெரும்பாலும் இந்த இரண்டாவது குரலே வெல்கிறது. நம் நாட்டில் இந்தக் கலையின் பொதுக்கருத்து இன்று இதுதான். இந்தக் கருத்து தவறு. தவறு என்பதோடு, திரும்ப ஈடுசெய்ய முடியாத இழப்புக்கும் வழிவகுக்கிறது.

அவர்கள் தரப்பை முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மேசைமேல் ஓடும் வண்டியில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது என்கிறார்கள். அசல் எப்படி இருந்தது என்று அறிய வேண்டுமானால் புகைப்படங்களும் காணொளிகளும் இருக்கின்றன என்கிறார்கள். நம் சந்தை சிறியது, துல்லியம் கேட்டால் விலை ஏறும், சாதாரண ஆள் வாங்க முடியாது என்கிறார்கள். கடைசியாக, இது மகிழ்ச்சிக்கான விஷயம், குழந்தை கைதட்டினால் வேலை முடிந்தது என்கிறார்கள். நான்குமே கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில் அந்தச் சின்ன வித்தியாசம். நம் அகலப்பாதையின் தண்டவாள இடைவெளி 1676 மில்லிமீட்டர். உலகில் அதிகம் புழங்கும் மாதிரி அளவு எச்.ஓ.; அதில் அசல் 87-இல் ஒரு பங்காகச் சுருங்கும். அந்தக் கணக்குப்படி நம் தண்டவாள இடைவெளி 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வர வேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர். அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள 1435 மில்லிமீட்டர் பாதைக்காகச் செய்யப்பட்டது. பெட்டியின் அகலத்தைப் பாருங்கள். நம் பயணிகள் பெட்டி ஏறத்தாழ 3245 மில்லிமீட்டர் அகலம்; மாதிரியில் 37 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஐரோப்பியப் பெட்டி ஒன்றின் மாதிரி 32, 33 மில்லிமீட்டர்தான் இருக்கும். அந்தப் பெட்டிக்கு நீல வண்ணம் அடித்து, பக்கத்தில் தெற்கு ரயில்வே என்று எழுதி விற்பது, வேறொருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை நமக்கு மாட்டிவிடுவது போன்றது. நம் ரயிலின் தோற்றமே அதன் அகலத்தில்தான் இருக்கிறது. நடைமேடையில் நிற்கிறவருக்கு அது தரும் கனமும் கம்பீரமும் அந்த அகலத்திலிருந்து வருபவை. ஏழில் ஒரு பங்கு அகலத்தைக் கழித்துவிட்டு இதை ஆணி எண்ணும் தகராறு என்று சொல்ல முடியாது.

இங்கே ஒரு சமரசம் தவிர்க்க முடியாதது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 19 மில்லிமீட்டர் தண்டவாளத்தை ஒவ்வொருவரும் கையால் அமைத்துக்கொள்ள முடியாது. ஆனால் சமரசத்தை அறிவித்துவிட்டுச் செய்வது வேறு, தவறு நடக்கவே இல்லை என்று நடிப்பது வேறு. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த நாடு பிரிட்டன். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் அங்கிருந்த மோட்டார்கள் எச்.ஓ. அளவிலான சிறிய பிரிட்டிஷ் எஞ்சின்களுக்குள் அடங்கவில்லை. ஆகவே மேலுடலை மட்டும் 76-இல் ஒரு பங்காகப் பெரிதாக்கினார்கள், தண்டவாளத்தை 16.5 மில்லிமீட்டரிலேயே விட்டுவிட்டார்கள். ஓ.ஓ. என்று பெயர் பெற்ற அந்த ஏற்பாட்டில், 1435 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய பாதை கணக்குக்கு 1257 மில்லிமீட்டராகக் குறைந்துபோனது. அன்றைய வசதிக்காகச் செய்தது. மோட்டார்கள் சிறுத்த பிறகும் மாறவில்லை. இன்றும் பிரிட்டனில் விற்கும் மாதிரிகளில் பெரும்பகுதி அந்தக் குறுகிய பாதையில்தான் ஓடுகிறது. பொறுக்க முடியாதவர்கள் 18.2 மில்லிமீட்டர் இ.எம். பாதையையும், 1960-களில் 18.83 மில்லிமீட்டர் பி4 பாதையையும் தாங்களே உருவாக்கிக்கொண்டார்கள். ஆனால் அதற்குள் தொழிற்சாலைகளும் வாடிக்கையாளர்களும் பழைய தவறின் மேல் பெரிய கட்டடமே எழுப்பியிருந்தார்கள்.

நமக்கு இதில் இருக்கும் பாடம் தெளிவானது. இந்திய மாதிரிகளின் உலகம் இப்போதுதான் அடித்தளம் போட்டுக்கொண்டிருக்கிறது. முப்பரிமாண அச்சு வந்தபின் சின்ன அளவில் எஞ்சின் கூடு செய்கிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். இன்று போதும் என்று விடுகிற அளவே நாளை வழக்கமாகும்; வழக்கத்தை நாளை மாற்றுவதைவிட அளவை இன்று திருத்துவது எளிது. பிரிட்டிஷ்காரர்களுக்கு முன்னுதாரணம் இல்லை. நமக்கு இருக்கிறது.

அடுத்து, புகைப்படம் இருக்கிறதே என்ற வாதம். நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்து எஸ்.எல்.எம். நிறுவனம் கட்டியது. நான்கு நீராவி உருளைகள். கீழே உள்ள இரண்டும் தண்டவாளத்தில் ஓடும் சக்கரங்களைச் சுழற்றும். மேலே உள்ள இரண்டும் நடுவில் பதித்த பல்தண்டவாளத்தைக் கவ்வி ஏறும் பற்சக்கரத்தைச் சுழற்றும். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை தரை ஏறக்குறைய மட்டம். அங்கே மேல் உருளைகளுக்கு வேலை இல்லை. கல்லாற்றுக்கு மேல், 12.28 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில், கீழ் உருளைகளில் வேலை முடித்த நீராவி வீணாகாமல் மேல் உருளைகளுக்குப் போய் இன்னொரு முறை உழைக்கும். எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம் நின்று வண்டியை மேலே தள்ளும். பெட்டிகள் தப்பி உருண்டு போகாமல் இருக்க அதுவே காவல். குன்னூரோடு பல்தண்டவாளம் முடிந்துவிடும்.

ஓர் அழகான புகைப்படம் இதில் எதைச் சொல்லும்? புகை, மலை, நீல வண்டி ஆகியவற்றைச் சொல்லும். கீழும் மேலும் உள்ள தண்டுகள் எப்போது சேர்ந்து அசையும், எப்போது ஒன்று மட்டும் அசையும் என்பதைச் சொல்லாது. மாதிரி மட்டுமே அதைக் கண்முன் நடத்திக் காட்ட முடியும். எஞ்சினை முன்னால் மாட்டி மலையேற்றி, எல்லாத் தண்டுகளையும் ஒரே மோட்டாரில் சேர்த்துச் சுழற்றும் ஒரு மாதிரி, அந்த எஞ்சின் ஏன் அப்படிப் பிறந்தது என்ற காரணத்தையே அழித்துவிடுகிறது. பார்க்கிற பிள்ளை மலை ரயிலைப் பற்றி ஒரு பொய்யைக் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகிறது. திருச்சி பொன்மலைப் பணிமனையில் 2010-களில் எக்ஸ் எஞ்சின்களைப் புதிதாகவே கட்டினார்கள். கட்டிய கைகள் நம்மிடையே இருக்கின்றன. அளவும் இயக்கமும் கேட்டால் கிடைக்கும். கேட்காமலே ஊகித்துச் செய்கிறவர்கள் அதற்குப் புகைப்படத்தைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது.

புகைப்படம் போதாது என்பது, நீலகிரிப் பாதையைப் போன்ற மீட்டர்கேஜ் முழுவதற்கும் பொருந்தும். 1931-இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஓடத் தொடங்கிய மீட்டர்கேஜ் மின்சார வண்டி 2004-இல் நின்றது. 1992-க்குப் பின் நாடெங்கும் நடந்த பாதை மாற்றத்தில் தமிழ்நாட்டின் மீட்டர்கேஜ் பாதைகள் ஒவ்வொன்றாகப் போயின. இன்று எஞ்சியிருப்பது நீலகிரிப் பாதை ஒன்றே. மீட்டர்கேஜின் ஒய்.பி. நீராவி எஞ்சின்கள் 871 கட்டப்பட்டன. சிலவற்றைத் தவிர எல்லாம் பழைய இரும்பாகிவிட்டன. அகலப்பாதையிலும் இதே கதைதான். பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955 முதல் கட்டிவந்த பழைய வகைப் பெட்டியை 2018-இல் நிறுத்திவிட்டது. அவற்றின் இடத்துக்கு வந்தவை எல்.எச்.பி. பெட்டிகள். ஐ.சி.எஃப். பெட்டியின் உடல் ஏறத்தாழ 21.3 மீட்டர் நீளம், எல்.எச்.பி. 23.5 மீட்டர். எச்.ஓ. அளவில் ஒன்று 24.5 சென்டிமீட்டர், மற்றது 27. இரண்டுக்கும் ஒரே கூட்டைச் செய்து வண்ணத்தை மட்டும் மாற்றி விற்றால், இன்று பார்க்கிறவர் கண்டுபிடித்துவிடுவார். முப்பது ஆண்டு கழித்து யார் கண்டுபிடிப்பார்? அசல் போனபின் மாதிரிதான் அசலின் சாட்சி. சாட்சி பொய் சொன்னால் மறுக்க ஆள் இருக்காது. மாதிரியின் துல்லியம் இன்று தேவையில்லை என்பவர்கள், அசல் என்றும் பக்கத்தில் நிற்கும் என்ற நினைப்பில் பேசுகிறார்கள். நம் நாட்டில் எதுவும் அப்படி நின்றதில்லை.

விலை பற்றிய வாதத்துக்கு வருகிறேன். தவறான அச்சுக்கும் சரியான அச்சுக்கும் ஒரே அளவு பிளாஸ்டிக்தான் செலவாகும். டபிள்யூ.டி.எம்-2 டீசல் எஞ்சினின் போகியில், அதாவது சக்கரச் சட்டத்தில், மூன்று அச்சுகளும் சம இடைவெளியில் நிற்பதில்லை. அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்பிலிருந்து வந்த வழக்கம் அது. 1962-இல் இறக்குமதியாகத் தொடங்கி, வாரணாசியில் 1990-களின் கடைசி வரை ஈராயிரத்துக்கும் மேல் கட்டப்பட்ட எஞ்சின். அதற்குச் சம இடைவெளிப் போகியை மாட்டி விற்பதால் யாருக்கும் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. அளக்கச் சோம்பல்பட்டது மட்டுமே மிச்சம். சென்னை ஐ.சி.எஃப். வளாகத்து ரயில் அருங்காட்சியகத்தில் எஞ்சின்களும் பெட்டிகளும் பொதுமக்கள் பார்வைக்கு நிற்கின்றன. துல்லியத்துக்கு முதல் தேவை அளவு நாடாவும் குறிப்பேடும் பொறுமையும். அட்டையில் வெட்டி ஒட்டிச் செய்கிற மாணவனாலும் அகலத்தைச் சரியாக வெட்ட முடியும். வெளிநாட்டு எஞ்சினைப் பெரிய விலைக்கு வாங்கி வண்ணம் மாற்றுகிறவரைவிட அந்த மாணவன் அசலுக்கு அருகில் இருக்கிறான். துல்லியம் பணக்காரர் சொத்து என்று சொல்வது அவனைப் போன்றவர்களைக் களத்திலிருந்து விலக்குவதற்கே உதவும்.

குழந்தையின் மகிழ்ச்சி பற்றி எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. மரத்தில் செய்த பொம்மை ரயில் தன்னைப் பொம்மை என்றே சொல்லிக்கொள்கிறது. அதில் பொய் இல்லை. ஒரு பொருள் தன் நெற்றியில் எஞ்சின் எண்ணையும், பக்கத்தில் பணிமனையின் பெயரையும் எழுதிக்கொண்ட பிறகு நிலைமை வேறு. தண்டையார்பேட்டை என்றோ ஈரோடு என்றோ பொன்மலை என்றோ எழுதியிருப்பது, அந்த எஞ்சினை இரவு பகலாகப் பராமரித்த ஒரு கூட்டத்தாரின் கையெழுத்து. அந்த எண் அந்தப் பணிமனையில் இருந்ததா, அந்த ஆண்டில் அந்த நிறத்தில் ஓடியதா என்று பார்க்காமல் எழுதுவது அவர்கள் கையெழுத்தைப் போலியாகப் போடுவதற்குச் சமம்.

இதுவரை எதிர்த்தரப்போடு பேசினேன். துல்லியம் வேண்டும் என்கிற எங்கள் தரப்பும் பாதி வழியில் நின்றுவிடுகிறது. எஞ்சினின் ரிவெட் வரை சரிபார்த்தவர், தண்டவாளத்தின் வேலியைத் தாண்டியதும் கண்ணை மூடிக்கொள்கிறார். போதும் என்ற அதே சொல்லை அங்கே அவரும் சொல்லத் தொடங்குகிறார்.

பழவேற்காடு ஏரியை வைத்து இதைப் பேச வேண்டும். சென்னையிலிருந்து கூடூர் போகும் பாதை பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா, சூளூர்ப்பேட்டை என்று ஏரியின் மேற்கே வடக்கு நோக்கி ஓடுகிறது. ஏரி, உப்பங்கழி, பனை, மீனவக் குப்பங்கள், அவற்றின் பின்னணியில் 1977-இல் ஓடத் தொடங்கிய கோரமண்டல் விரைவு வண்டி: மாதிரி அமைக்க இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. ஆனால் 1977 என்று சொல்லிவிட்டால் தலைக்கு மேல் மின்கம்பி இருக்கக் கூடாது. இந்தப் பாதைக்கு மின்சாரம் வந்தது 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில். எல்.எச்.பி. பெட்டியும் கூடாது; அது இந்தியாவுக்கு வந்தது 2000-ஐ ஒட்டி. இவ்வளவையும் எங்கள் ஆட்கள் சரியாகச் சொல்லிவிடுவார்கள். பிறகு ஏரியில் படகு வைக்க வேண்டிய இடம் வரும். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் பெட்டியிலிருந்து, பின்புறம் தட்டையாக வெட்டிய ஐரோப்பியத் துடுப்புப் படகு ஒன்றை எடுத்து வைப்பார்கள்.

பழவேற்காட்டின் கலங்கள் காரணமில்லாமல் ஓர் உருவம் கொண்டவை அல்ல. ஏரியின் பெரும்பகுதியில் ஆளுயரத் தண்ணீர்கூட இல்லை. அதனால் ஏரிப் படகு குறைந்த நீரில் மிதக்கிற அடிப்பாகத்தோடு கட்டப்படும். துடுப்பைவிடக் கழி ஊன்றித் தள்ளுவது அங்கே வசதி. முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போனால் கலம் வேறு. கட்டுமரம் என்பது வளைவாகச் செதுக்கிய மரங்களைக் கயிற்றால் பிணைத்தது. அலை மேலே புரண்டாலும் தண்ணீர் இடுக்கு வழியே வடிந்துவிடும். கரைக்கு வந்ததும் பிணைப்பை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயப்போடுவார்கள், ஏனெனில் ஊறிய மரம் மிதப்பை இழக்கும். ஏழு மீட்டர்க் கட்டுமரம் எச்.ஓ. அளவில் எட்டு சென்டிமீட்டர் நீளம். செய்வது கடினமே இல்லை. 1977-இன் கரையில் அது கிடக்க வேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கரையெங்கும் பரவிய ஃபைபர் படகு அங்கே இருக்கக் கூடாது. மின்கம்பி விஷயத்தில் மூன்றாண்டுப் பிழையைப் பொறுக்காதவர், படகு விஷயத்தில் முப்பதாண்டுப் பிழையை எப்படிப் பொறுக்கிறார்?

வலைகளும் அப்படியே. முகத்துவாரத்தை ஒட்டிய ஏரிப்பகுதியில் எங்கே வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் வலை கட்டுவதில்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் பாடு என்ற முறைப்படி, இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் என்று பங்கிட்டுக்கொள்கின்றன. ரயில் பாதையின் கைகாட்டிகள் ஒழுங்குப்படி நிற்பது போலவே ஏரியின் வலைகளும் ஒழுங்குப்படி நிற்கின்றன. கைகாட்டியின் இடத்தை அளந்து வைத்துவிட்டு வலையை அழகுக்காக எங்கோ நட்டால், ஒழுங்கு என்பது இரும்புக்கு மட்டும் உண்டு, மனிதர்களுக்கு இல்லை என்று சொன்னதாகும். நிலைய நடைமேடையில் மீன்கூடையோடு நிற்கும் பெண்ணுக்கும் இது பொருந்தும். காட்சி இன்றைய காலத்தது என்றால், புறநகர் மின்சார வண்டியில் வியாபாரிகளுக்கென்று தனிப் பெட்டி உண்டு. அவர் நிற்க வேண்டியது அந்தக் கதவுக்கு எதிரே.

சின்ன மாதிரியில் படகை இவ்வளவு துல்லியமாக யார் செய்வார் என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயரைச் சொல்கிறேன். எட்மோன் பாரிஸ் என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகைச் சுற்றிய பயணங்களில், கோரமண்டல் கரையின் கலங்கள் உட்பட, ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள மக்களின் கலங்களை அளந்து வரைந்தார். அந்த வரைபடங்கள் 1840-களில் நூலாக வந்தன. 1871-இல் பாரிஸ் நகரத்துக் கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்றபின், அந்த வரைபடங்களிலிருந்து மாதிரிகளையும் செய்ய வைத்தார். சென்னையில் துறைமுகம் வருமுன் சரக்கையும் ஆட்களையும் அலை தாண்டிக் கரை சேர்த்தது, ஆணியும் விலாச்சட்டமும் இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகு. தைத்த உடல் அலையின் அடிக்கு வளைந்து கொடுக்கும். ஆணி அடித்த உடல் பிளந்துவிடும். அந்தப் படகை இன்று நம் கரைகளில் காண்பது அரிது. அதன் வடிவத்தை அறிய அளவெடுத்த வரைபடங்களையும் அளவுப்படி செய்த மாதிரிகளையுமே நாட வேண்டியிருக்கிறது. எட்டத்தில் நின்று பார்த்தால் படகு போல இருக்கிறது, போதும் என்று அந்த அதிகாரி விட்டிருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

ஆகவே நான் கேட்பவை இவை. மாதிரி செய்து விற்கிறவர்கள் பெட்டியின் மேலேயே எந்த எண், எந்த ஆண்டு, எந்தப் பணிமனை என்று அச்சிட வேண்டும். தண்டவாள அகலம் போன்ற சமரசங்களையும் அதே இடத்தில் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ரயில்வேயின் அருங்காட்சியகங்கள் தம்மிடம் நிற்கும் ஒவ்வொரு வண்டியின் முக்கிய அளவுகளையும் வரைபடத்தோடு பொதுவில் வைக்க வேண்டும். வாங்குகிறவர்கள் பிழையைக் கண்டால், அளந்த எண்ணோடு எழுதிக் கேட்க வேண்டும். கேட்கிறவரை அடக்குவதை மற்றவர்கள் நிறுத்த வேண்டும். ஏரிக்கரையைக் காட்சியில் வைக்கிறவர்கள் பழவேற்காட்டுக்குப் போய், படகு கட்டுகிற கைகளிடம் நாடாவோடு உட்கார வேண்டும்.

ஒரு மாதிரி போதுமா, போதாதா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் முதலில் இல்லை. அந்த எஞ்சினை ஓட்டியவர், பணிமனையில் அதன் வயிற்றுக்குக் கீழே படுத்து வேலை பார்த்தவர், அந்தப் படகைக் கட்டியவர், அதில் தொழிலுக்குப் போனவர் ஆகியோருக்கே அந்த உரிமை முதலில் உண்டு. அவர்கள் முன்னால் கொண்டுபோய் வையுங்கள். தம் வண்டி, தம் படகு என்று அவர்கள் ஒப்புக்கொண்டால் அது போதும். அதுவரை திருத்திக்கொண்டே இருப்பது நம் கடமை.